ஆடிக் காற்றும் எட்டு கோரும்: ஓர் எல்பார் அமைப்பின் நிகழ்வு ஆய்வு

குற்றாலத்தில் சாரல் கட்டும் மாதங்கள்தான் பணகுடி, ராதாபுரம், காவல்கிணறு பக்கத்துக் காற்றாலைக்காரர்களுக்கு அறுவடைக் காலம். வைகாசி பிறந்துவிட்டால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று புரட்டாசி வரை ஓய்வதில்லை. அந்தக் காற்றாலைகள் சிலவற்றின் தரவை வாங்கிச் சேர்த்து, அடுத்து எவ்வளவு மின்சாரம் வரும் என்று முன்கணிப்பு போட்டுக் கொடுக்கும் நிறுவனம் ஒன்று திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இருக்கிறது. பெயர் இங்கே தேவையில்லை. சீசன் உச்சத்தில் அவர்களுடைய சர்வர் அரை மணிக்கு ஒரு தடவை, கடிகாரம் பார்த்து வைத்தாற்போலத் திணறிக்கொண்டிருந்தது. புதுப் பெட்டி வாங்குவதற்கு விலைப்புள்ளி கேட்கும் வரை பேச்சு போயிருந்தது. கடைசியில் ஒரு ரூபாய்க்கு வன்பொருள் வாங்காமல், கொடுத்திருந்த எண்களைக் குறைத்தே சரியானது. எந்த எண்ணை, ஏன் குறைத்தோம் என்பதுதான் இந்த ஆய்வு.

பெட்டியும் பிரிவுகளும்

ஐபிஎம் பவர் 8 வகை எஸ்814. ஒரே சாக்கெட், 8 கோர் (கணக்குப் போடும் மையங்கள்), 128 ஜிபி மெமரி. எட்டு கோரும் இயக்கத்தில், எல்லாம் ஒரே ஷேர்டு பூலில், அதாவது எல்லாப் பிரிவுகளும் பங்கு போட்டுக்கொள்ளும் பொதுத் தொகுப்பில். ஒரு பெட்டியைப் பங்கு பிரித்துத் தரும் மென்பொருளான பவர்விஎம் ஹைப்பர்வைசர் அதை ஆறு எல்பார்களாக, அதாவது தனித்தனிக் கணினி போல ஓடும் ஆறு பிரிவுகளாகப் பிரித்திருந்தது: சேமிப்புத் தட்டையும் நெட்வொர்க்கையும் மற்றவர்களுக்குப் பங்கு வைக்கும் விஐஓ சர்வர்கள் இரண்டு, தரவுத்தளத்துக்கு ஒன்று, முன்கணிப்பு மென்பொருளுக்கு ஒன்று, கணக்குப் பிரிவுக்கு ஒன்று, டெஸ்ட் வேலைக்கு ஒன்று. விஐஓ சர்வர்களைத் தவிர மற்ற நான்கிலும் ஐபிஎம்-மின் யூனிக்ஸான ஏஐஎக்ஸ்.

ஒரு பெட்டியைப் பல பெட்டியாக்கும் வித்தை பழையது. ஐபிஎம் பெருங்கணினிகளில் 1988-லேயே வந்துவிட்டது. யூனிக்ஸ் பக்கத்தில் 2001-ல் பவர் 4 சர்வரோடு வந்தது. ஒரு கோரையே பத்தில் ஒரு பங்காக நறுக்கிக் கொடுக்கும் வசதி 2004-ல் பவர் 5-உடன் சேர்ந்தது. பவர் 8-ல் ஒரு விர்ச்சுவல் பிராசசருக்கு, அதாவது எல்பார் தன்னுடைய பிராசசர் என்று பார்க்கும் ஒன்றுக்கு, 0.05 கோர் கொடுத்தாலே போதும். இவ்வளவு நுணுக்கமாக நறுக்க முடிந்தும், பெரும்பாலான இடங்களில் எல்பார் அமைக்கும்போது எண்களை யாரும் யோசித்துப் போடுவதில்லை. விற்பனையாளர் ஒரு எண் சொல்வார், பாதுகாப்புக்கு அதை இரட்டிப்பாக்குவார்கள், ‘மேக்சிமம்’ என்ற கட்டத்தில் மனம் போன எண்ணைத் தட்டிவிடுவார்கள். இங்கேயும் அப்படித்தான் நடந்திருந்தது.

இந்த நிறுவனத்தின் வேலைச் சுமைக்கு ஒரு தாளம் உண்டு. காற்றாலையின் கட்டுப்பாட்டுக் கருவிகள் தரவை 10 நிமிடச் சராசரியாகத் தரும். உலகம் முழுக்க இந்தத் தொழிலில் அதுதான் வழக்கம். மின்தொகுப்பு நிர்வாகமோ ஒரு நாளை 15 நிமிடக் கூறுகளாக, 96 கூறுகளாக வைத்துக் கணக்குப் பார்க்கிறது. ஆகவே தரவை உள்ளே இழுக்கும் வேலை 10 நிமிடத்துக்கு ஒரு முறையும், கூறு வாரியான முன்கணிப்பு 15 நிமிடத்துக்கு ஒரு முறையும் ஓடும். இரண்டும் எப்போது மோதும்? மணி அடிக்கும்போதும், அரை மணி ஆகும்போதும். நான் போவதற்கு முன்னால் இந்தச் சின்னக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. பணகுடியிலிருந்து வரும் இணைய இணைப்பில்தான் கோளாறு என்று அந்தப் பக்கமே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சராசரி சொன்ன பொய்

நிர்வாகியிடம், பயன்பாட்டைப் பதிவு செய்யும் என்மான் கருவியின் வரைபடங்கள் இருந்தன. பூலின் ஒரு மணி நேரச் சராசரிப் பயன்பாடு பாதியைக்கூடத் தொடவில்லை. “பாதி சும்மா கிடக்கு தம்பி, பொறவு ஏன் தொங்குது?” என்று செயல்பாட்டு மேலாளர் அண்ணாச்சி கேட்டது நியாயமான கேள்வி. ஒரு மணியில் ஏழெட்டு நிமிடம் மூச்சு முட்டி, மீதி நேரம் ஓய்ந்து கிடந்தால் சராசரி அழகாகத்தான் தெரியும்.

எல்பார் எவ்வளவு கோர் எடுக்கிறது என்று காட்டும் எல்பார்ஸ்டாட் கட்டளையை நொடிக்கு ஒரு வரி வீதம் எல்லா எல்பார்களிலும் ஓடவிட்டோம். அதற்கு முன், எல்பார்களை நிர்வகிக்கும் தனிக் கணினியான எச்எம்சி-யில், ஒவ்வொரு எல்பாரின் பண்புகளிலும் பூல் பயன்பாட்டு விவரத்தைப் பார்க்க அனுமதி கொடுக்கும் கட்டத்தை டிக் செய்ய வேண்டியிருந்தது. அது இல்லாவிட்டால் பூலில் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ‘ஏபிபி’ பத்தி வரவே வராது. பல இடங்களில் இதை யாரும் டிக் செய்வதில்லை. அப்புறம் எல்லோரும் தன் எல்பாரை மட்டும் பார்த்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாமலே முடிவெடுப்பார்கள்.

மணி 11.29-க்கு ‘ஏபிபி’ ஐந்துக்கு மேல் இருந்தது. அதாவது ஐந்து கோர் சும்மா. 11.30 தாண்டியதும் அது சரசரவென இறங்கிச் சுழியத்தை ஒட்டி நின்றது. அடுத்த நாலு நிமிடம் அங்கேயேதான். அந்த நேரத்தில் தரவுத்தள எல்பார் எடுத்தது 2.7 கோர் அளவு, முன்கணிப்பு எல்பார் 1.7 அளவு. மூன்றாவதாக இன்னொருவரும் 2.7 கோரை எடுத்துக்கொண்டிருந்தார்: டெஸ்ட் எல்பார்.

அது எப்படி என்பதற்கு அன்றைய அமைப்பைச் சொல்ல வேண்டும். எல்லா எல்பாரும் அன்கேப்டு, அதாவது உரிமை அளவுக்கு (உறுதியாகக் கிடைக்கும் கோர் அளவுக்கு) மேல் பூலில் மிச்சம் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். அந்த மிச்சத்தைப் பிரிக்கும் விகிதமான வெயிட் எல்லோருக்கும் 128. எச்எம்சி இயல்பாகப் போடும் எண் அது, யாரும் தொடவில்லை. உரிமை அளவு தரவுத்தளத்துக்கு 2.0, முன்கணிப்புக்கு 1.0, கணக்குக்கு 1.0, விஐஓ சர்வர்களுக்குத் தலைக்கு 0.5. டெஸ்டுக்கு 2.0. ஆரம்பத்தில் மென்பொருளை உருவாக்கியதே அந்த எல்பாரில்தானாம்; அப்போது கொடுத்ததை யாரும் திரும்ப வாங்கவில்லை. அங்கே ஓர் இளைஞர் பழைய வருடங்களின் காற்றுத் தரவை வைத்து முன்கணிப்பு மாதிரிகளைச் சோதித்துக்கொண்டிருப்பார். விட்டு விட்டு ஓடும் வேலை; ஓடும்போது எவ்வளவு கோர் கொடுத்தாலும் தின்னும்.

நெருக்கடி வந்ததும் ஹைப்பர்வைசர் முதலில் ஒவ்வொருவருக்கும் உரிமை அளவைக் கொடுக்கிறது. 2, 1, 2 என்று ஐந்து போயிற்று. விஐஓவும் கணக்கும் சேர்ந்து சுமார் 0.8. மிஞ்சிய 2.2 கோரை, இன்னும் வேண்டும் என்று நிற்கும் மூவருக்கும் வெயிட் விகிதப்படி பிரிக்கிறது. வெயிட் சமம் என்பதால் ஆளுக்கு 0.7 சொச்சம். மின்தொகுப்புக்குக் கணக்கு அனுப்ப வேண்டிய தரவுத்தளமும், போன வருடத்துக் காற்றை ஆராயும் டெஸ்டும் சரிசமம்! ஹைப்பர்வைசரைக் குறை சொல்ல முடியாது. சொன்னதைத்தான் செய்தது.

எட்டு மடை

டெஸ்டைக் கட்டிப்போட்டால் மட்டும் தீரும் சிக்கலாக இது இல்லை. இளைஞர் விடுப்பில் போயிருந்த ஒரு நாளிலும் அரை மணித் திணறல் குறைந்ததே தவிர நிற்கவில்லை என்று பதிவேடுகள் காட்டின. தரவுத்தளத்துக்கு 8 விர்ச்சுவல் பிராசசர். முன்கணிப்புக்கும் 8, முதலில் 4 இருந்ததாம், திணறல் தொடங்கியதும் யாரோ 8 ஆக்கினார்கள், அதற்குப் பிறகு இன்னும் மோசமானது. டெஸ்டுக்கு 8, கணக்குக்கு 4, விஐஓ-வுக்குத் தலைக்கு 2. எட்டே எட்டு கோரின் மேல் 32 விர்ச்சுவல் பிராசசர்.

விர்ச்சுவல் பிராசசர் எண்ணிக்கை ஓர் உச்சவரம்பு. அன்கேப்டு எல்பாரில் 8 வைத்தால் அதிகபட்சம் 8 கோர் வரை போகலாம் என்று அர்த்தம். 8 கோர் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. இது பெரும்பாலோருக்குத் தெரியும். ஆனால் உரிமை அளவு அந்த எண்ணிக்கையால் வகுபடுகிறது என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். ஹைப்பர்வைசர் நேரத்தை 10 மில்லிநொடிக் கட்டங்களாக வைத்து விநியோகிக்கிறது. 2.0 கோர் உரிமை, 8 விர்ச்சுவல் பிராசசர் என்றால், நெருக்கடியில் ஒவ்வொன்றுக்கும் உறுதியாகக் கிடைப்பது 10 மில்லிநொடியில் 2.5 தான். உபரியைச் சேர்த்தாலும் அன்று 3.4-க்குப் பக்கத்தில்தான் வந்தது. ஒரு விர்ச்சுவல் பிராசசரில் ஓடும் தரவுத்தளச் செயல்முறை ஒரு பூட்டை (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தரவைத் தொட விடும் தடையை) பிடித்துக்கொண்டிருக்கும்போதே அதன் 3.4 மில்லிநொடி தீர்ந்துவிடுகிறது என்று வையுங்கள். அது அடுத்த முறைக்குக் காத்து நிற்கும். பூட்டு அவிழட்டும் என்று மற்ற ஏழில் உள்ளவை சுழன்றுகொண்டே தங்கள் பங்கையும் எரிக்கும். திரும்ப வந்து ஏறும்போது கோரின் கேஷில் (பக்கத்திலேயே இருக்கும் சின்ன வேக மெமரியில்) வேறொரு எல்பாரின் தரவு உட்கார்ந்திருக்கும். பிராசசர் பயன்பாடு உச்சத்தில் இருக்கும், வேலை மட்டும் நகராது.

அண்ணாச்சிக்குக் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நிலம் உண்டு. அதை வைத்தே சொன்னேன்: “ரெண்டு மடைக்கு உள்ள தண்ணிதான் அண்ணாச்சி உங்க முறையில வருது. நீங்க எட்டு மடை வெட்டி வச்சிருக்கீங்க. எந்த வயலுக்கும் பாய மாட்டேங்குது.” அவர் சிரிக்கவில்லை. “அப்ப ஆற அடைச்சிருவே” என்றார், அவ்வளவுதான்.

பயன்படாத விர்ச்சுவல் பிராசசரை ஏஐஎக்ஸ் தானாக மடித்து வைத்துவிடும், அதனால் கூடுதலாகக் கொடுப்பதில் நஷ்டமில்லை என்று ஒரு வாதம் உண்டு. அமைதியான நேரத்துக்கு அது சரி. ஆனால் திடீர்ச் சுமை வந்ததும் மடித்தவை எல்லாம் விரியும். அதோடு பவர் 7-லிருந்து ஏஐஎக்ஸ் இயல்பாக ஒரு கோரின் எல்லா இழைகளையும் (ஒரே கோரில் சேர்ந்து ஓடும் வேலை வரிசைகளையும்) நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போவதில்லை. முதலில் எல்லா விர்ச்சுவல் பிராசசர்களின் முதல் இழையையும் பிடிக்கப் பார்க்கும். தனிப் பெட்டியில் அதுதான் வேகம். பகிர்ந்த பூலில், விர்ச்சுவல் பிராசசர் தாராளமாக இருந்தால், அரைகுறையாக நிரம்பிய கோர்களை அந்த எல்பார் வாரிக்கொள்ளும். இந்தப் பழக்கத்தை மாற்ற ஏஐஎக்ஸின் ஷெடோ கட்டளையில் ஒரு திருகு இருக்கிறது, அதைத் தொடவில்லை. எண்ணிக்கையைச் சரிசெய்தால் போதும் என்ற இடத்தில் கெர்னல் திருகுகளைத் திருப்புவது எனக்குப் பிடிக்காது.

இன்னொரு கோணமும் இருக்கிறது. அன்கேப்டு எல்பாருக்கு எத்தனை கோர் உரிமம் வேண்டும் என்று கணக்கிடும்போது விர்ச்சுவல் பிராசசர் எண்ணிக்கையைப் பார்க்கும் மென்பொருள் நிறுவனங்கள் உண்டு. தணிக்கை வந்தால் 8 என்பது வெறும் எண்ணாக இருக்காது, ரூபாயாக இருக்கும்.

எங்கே போனது மெமரி

தரவுத்தள எல்பாரில், மெமரி நிலையைக் காட்டும் விஎம்ஸ்டாட்டைப் பார்த்தபோது இன்னொரு வலி தெரிந்தது. அரை மணிக் கட்டத்தில் பேஜிங் (மெமரி போதாமல் தட்டுக்குத் தள்ளுவதும் திரும்ப எடுப்பதும்) பத்திகள் இரண்டிலும் எண்கள் ஓடின. தட்டிலுள்ள பேஜிங் இடமும் கணிசமாக நிரம்பியிருந்தது. அந்தத் தட்டோ விஐஓ சர்வர் வழியாக வருகிறது, விஐஓ சர்வரும் அதே நேரத்தில் சம வெயிட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தது. ஒரு குறை இன்னொரு குறையைப் பெருக்கிக்கொண்டிருந்தது.

ஏஐஎக்ஸில் மெமரி போதவில்லை என்று எதை வைத்துச் சொல்வது என்பதில் எப்போதும் ஒரு குழப்பம் வரும். காலி மெமரி காட்டும் பத்தி சின்னதாக இருப்பது நோய் அல்ல. சும்மா கிடக்கும் மெமரியைக் கோப்பு கேஷுக்கு எடுத்துக்கொள்வது ஏஐஎக்ஸின் வழக்கம். வேண்டும்போது திருப்பிக் கொடுத்துவிடும். நிரல்களும் அவற்றின் தரவும் பிடித்திருக்கும் கணிப்பு மெமரி எத்தனை சதவீதம், பேஜிங் ஓடுகிறதா என்ற இரண்டைத்தான் பார்க்க வேண்டும். முன்கணிப்பு எல்பாரிலும் காலி மெமரி குறைவு என்று நிர்வாகி கவலைப்பட்டார். அங்கே பேஜிங் துளியும் இல்லை, ஆகவே விட்டுவிட்டோம். தரவுத்தளத்துக்குத்தான் 48 ஜிபி போதவில்லை. 8 ஜிபி சேர்த்தால் ஆகும் என்று கணக்கு வந்தது.

எச்எம்சி-யில் பார்த்தால் பெட்டியில் காலி 2 ஜிபி மட்டுமே. 48, 32, 16, 8, விஐஓ-வுக்கு நாலு நாலு. கூட்டினால் 112. 128-ல் 16 மிஞ்ச வேண்டும். ஹைப்பர்வைசர் தனக்கென்று கொஞ்சம் எடுக்கும், சரி. 14 ஜிபி எடுக்குமா?

எடுக்கும், மேக்சிமம் கட்டத்தில் அப்படி எழுதியிருந்தால். ஒவ்வொரு எல்பாருக்கும் முகவரிகளை மாற்றித்தர ஒரு பக்க அட்டவணையை ஹைப்பர்வைசர் வைத்துக்கொள்கிறது. எல்பார் இயங்கும்போதே மெமரியை மேக்சிமம் வரை கூட்ட முடிய வேண்டும் என்பதால், அந்த அட்டவணையின் அளவு இப்போது இருக்கும் மெமரியை வைத்து அல்ல, மேக்சிமத்தை வைத்துத் தீர்மானமாகிறது. பவர் 7 வரை மேக்சிமத்தில் 64-ல் ஒரு பங்கு. பவர் 8-ல் ஏஐஎக்ஸுக்கு இயல்பாக 128-ல் ஒரு பங்கு, அதை இரண்டின் அடுக்குக்கு உயர்த்திக்கொள்ளும். தரவுத்தளத்துக்கு மேக்சிமம் 512 ஜிபி என்று போட்டிருந்தார்கள். 128 ஜிபி பெட்டியில்! அதற்கு அட்டவணை 4 ஜிபி. மற்ற மூன்றுக்கும் மேக்சிமம் 256, தலைக்கு 2 ஜிபி. ஆகமொத்தம் 10 ஜிபி, ஒருநாளும் வராத மெமரிக்கு முகவரி எழுத ஒதுக்கிய இடம். 8 ஜிபியைக் கடையிலோ இணையத்திலோ தேட வேண்டாம், பெட்டிக்குள்ளேயே இருக்கிறது என்று நிர்வாகியிடம் சொன்னபோதுதான் அவருக்கு மினிமம், டிசையர்டு, மேக்சிமம் மூன்றும் மூன்று வேறு விஷயங்கள் என்பது உறைத்தது. டிசையர்டு என்பது கிடைத்தால் எடுத்துக்கொள்ளும் அளவு. மினிமம் என்பது அதற்குக் கீழே போனால் எல்பார் எழும்பவே எழும்பாத அளவு. மேக்சிமம் என்பதற்குத்தான் இப்போதே விலை கொடுக்கிறோம்.

மாற்றிய வரிசை

காற்று அடிக்கும்போது தரவுத்தளத்தை நிறுத்த முடியாது. இயங்கும்போதே மாற்றக்கூடியவை எவை, நிறுத்தி எழுப்பினால்தான் மாறுபவை எவை என்று பிரித்தோம். உரிமை அளவு, விர்ச்சுவல் பிராசசர் எண்ணிக்கை, வெயிட், மினிமத்துக்கும் மேக்சிமத்துக்கும் நடுவிலான மெமரி, இவை எல்லாம் டிஎல்பார் என்ற வசதி வழியாக ஓட்டத்திலேயே மாறும். மேக்சிமம் மாறாது.

முதல் டிஎல்பார் கட்டளையே தோற்றது. எச்எம்சி-க்கும் எல்பாருக்கும் நடுவே ஆர்எம்சி என்ற தொடர்பு இணைப்பு இருந்தால்தான் டிஎல்பார் நடக்கும். தரவுத்தள எல்பாருக்கு அது செத்துக் கிடந்தது. அதற்கான 657-ஆம் போர்ட் திறந்தே இருந்தது. காரணம் வேறிடத்தில் அகப்பட்டது: டெஸ்ட் எல்பார், தரவுத்தள எல்பாரின் படிவத்தை அப்படியே நகலெடுத்து உருவாக்கப்பட்டது. ஆர்எம்சி அடையாள எண்ணும் நகலாகிவிட்டது. இருவரும் ஒரே பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டினால் எச்எம்சி யாரை உள்ளே விடும்? டெஸ்ட் எல்பாரில், ஆர்எம்சி-யை உள்ளடக்கிய ஆர்எஸ்சிடி மென்பொருளின் மறுகட்டமைப்புக் கட்டளையை ஓட்டிப் புது எண் வாங்கியதும், சற்று நேரத்தில் இரண்டும் எச்எம்சி-யில் உயிரோடு தெரிந்தன. கிளஸ்டரில் இருக்கும் கணுவில் இந்தக் கட்டளையை யோசிக்காமல் ஓட்டக்கூடாது. இங்கே கிளஸ்டர் எதுவும் இல்லை.

பிறகு பிராசசர். எடுத்த பிறகுதான் கொடுக்க முடியும் என்பதால் டெஸ்டிலிருந்து தொடங்கினோம்: உரிமை 2.0-லிருந்து 0.2, விர்ச்சுவல் பிராசசர் 2, வெயிட் 5. கணக்கு 0.6, 2, 64. விஐஓ சர்வர்களின் உரிமையைத் தொடவில்லை; வெயிட்டை மட்டும் உச்சமான 255-க்கு ஏற்றினோம். மற்ற எல்லோருடைய தட்டும் நெட்வொர்க்கும் அவர்கள் வழியாகத்தான் போகிறது, அவர்கள் வரிசையில் நிற்கவே கூடாது. தரவுத்தளத்துக்கு 3.0 உரிமை, 4 விர்ச்சுவல் பிராசசர், வெயிட் 200. முன்கணிப்புக்கு 2.0, 4, 160. மொத்த உரிமை 6.8, மீதி 1.2 யாருக்கும் ஒதுக்காமல் பூலில் விட்டது வேண்டுமென்றே. விர்ச்சுவல் பிராசசர் 32-லிருந்து 16 ஆனது. எல்லாவற்றையும் 35-ஆம் நிமிடத்துக்கும் 40-ஆம் நிமிடத்துக்கும் நடுவில், இரண்டு வேலைகளும் ஓய்ந்திருக்கும் சந்தில் செய்தோம்.

மெமரிக்கு இரண்டு தவணை. டெஸ்டை எந்த நேரத்திலும் நிறுத்தலாம், கணக்கை ஞாயிற்றுக்கிழமை நிறுத்தலாம். டெஸ்டின் மேக்சிமத்தை 16, கணக்கினுடையதை 32 என்று புரொஃபைலில் (எல்பாரின் அமைப்பை எழுதி வைத்த பதிவில்) திருத்தி, முழுவதும் அணைத்து, அந்தப் புரொஃபைலிலிருந்து எழுப்பினோம். ஏஐஎக்ஸுக்குள் இருந்து ரீபூட் கொடுத்தால் புரொஃபைலைத் திரும்பப் படிக்காது. இந்த ஒரு விஷயத்தில் எத்தனை பேர் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லி முடியாது. இரண்டும் சேர்ந்து மூன்றரை ஜிபி சொச்சம் விடுபட்டது. ஏற்கெனவே காலியாக இருந்ததோடு சேர்த்து 5 ஜிபியை அன்று இரவே தரவுத்தளத்துக்கு ஓட்டத்தில் ஏற்றினோம்.

பிறகு நடந்தது

அடுத்த நாள் காலை 11.30. தரவுத்தளம் தன் உச்சவரம்பான 4 கோரைத் தொட்டது, முன்கணிப்பு 2.9-க்குப் பக்கத்தில். டெஸ்ட் 0.2-ஐ ஒட்டி ஊர்ந்தது. நாலு நிமிடம் இழுத்த கட்டம் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்தது. எல்பார்ஸ்டாட்டின் சூழல் மாற்றப் பத்தி பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. விர்ச்சுவல் பிராசசர்கள் கோரில் ஏறி இறங்கி ஏறுவது அடங்கியதன் அடையாளம் அது. பேஜிங் பத்திகளில் சுழியம். அண்ணாச்சி அறைக்கு வெளியே நின்று திரையில் பக்கத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார். “உண்மையிலேயே ஒண்ணும் வாங்கலையா?” என்று இரண்டு முறை கேட்டார்.

தரவை இழுக்கும் வேலையைச் சில நிமிடம் தள்ளி வைத்து மோதலையே தவிர்க்கலாம் என்பது எங்களுக்கு ஆரம்பத்திலேயே தோன்றியதுதான். அதைக் கடைசிக்கு வைத்தோம். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று யாருக்கும் தெரியாமல் போகும். அடுத்த வாரம் அதையும் செய்தார்கள். அரை மணி மேடு இப்போது வரைபடத்தில் இரண்டு சின்ன மேடுகளாகத் தெரிகிறது.

ஐப்பசியில் காற்று தணிந்த பிறகு தரவுத்தளத்தையும் முன்கணிப்பையும் நிறுத்தி எழுப்பினார்கள். தரவுத்தளத்தின் மேக்சிமம் 96, முன்கணிப்பினுடையது 64. 96 என்பது கணக்குப்படி முக்கால் ஜிபி அட்டவணை கேட்கும். இரண்டின் அடுக்குக்கு உயர்ந்து 1 ஜிபி ஆகும். அதே விலைக்கு 128 வரை வைத்திருக்கலாமே என்று நிர்வாகி கேட்டார். கேள்வி சரிதான், வைத்திருக்கலாம். 128 ஜிபி பெட்டியில் ஒரே எல்பாருக்கு 96-க்கு மேல் போகும் நாள் வந்தால், அதை நிறுத்தி உட்கார்ந்து பேசித்தான் செய்ய வேண்டும் என்று அண்ணாச்சியே 96-ல் நிறுத்தச் சொன்னார். அந்த நிறுத்தத்தில் விடுபட்டதிலிருந்து பாக்கி 3 ஜிபியையும் சேர்த்துத் தரவுத்தளம் 56-க்கு வந்தது. ஓட்டத்தில் செய்த மாற்றங்கள் அடுத்த எழுப்பலில் காணாமல் போகாதபடி, நடப்பு அமைப்பைப் புரொஃபைலோடு தானாக ஒத்திசைக்கும் வசதியையும் எல்லா எல்பாருக்கும் போட்டாயிற்று.

முணுமுணுத்தது டெஸ்ட் இளைஞர் மட்டும்தான். பகலில் ஊர்வதை ஏற்றுக்கொண்டார். இரவில் பெட்டி முழுக்கக் காலியாகக் கிடக்கும்போதும் இரண்டு கோருக்கு மேல் போகவில்லையே என்றார். அவர் சொன்னது சரி. பூலில் மிச்சம் இருக்கும்போது வெயிட் 5-க்கும் 200-க்கும் வித்தியாசமே கிடையாது. அவரைத் தடுத்தது விர்ச்சுவல் பிராசசர் எண்ணிக்கை. அதை 4 ஆக்கினோம். 0.2 உரிமையை நாலால் வகுத்தால் 0.05, ஒரு விர்ச்சுவல் பிராசசருக்குப் பவர் 8 அனுமதிக்கும் கடைசி எண் அதுதான். ஐந்து கேட்டிருந்தால் எச்எம்சியே மறுத்திருக்கும்.